மாதத் தொகுப்பும் அடங்கலும்

மாதம் பிறந்து ஒரு வாரம் ஆவதற்குள் போன மாதத்து நடப்பு நிகழ்வுத் தொகுப்பு மாணவர் கைக்குப் போய்விட வேண்டும் என்பது பயிற்சியாளர்களாகிய நம் தொழிலின் எழுதாத விதி. விருதுகள், நியமனங்கள், உலகக் குறியீடுகளில் இந்தியாவின் இடம், ராணுவக் கூட்டுப் பயிற்சிகளின் பெயர்கள், புதிய திட்டங்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, அல்லது இரண்டு. பக்கம் குறைந்தால் மாணவர் முகம் சுருங்குகிறது. அடுத்த மையத்துத் தொகுப்பு நம்முடையதைவிடத் தடிமனாக இருந்தால் நம் முகமும் சுருங்குகிறது. பசுவந்தனையிலிருந்து பஸ் ஏறிக் கோவில்பட்டிக்குப் படிக்க வருகிறவரும், சென்னை அண்ணா நகரில் அறை எடுத்துத் தங்கியிருப்பவரும் இன்று டெலிகிராமில் ஒரே பி.டி.எஃப்.ஐத்தான் இறக்கிக்கொள்கிறார்கள். இதைச் சமவாய்ப்பு என்று சொல்லி நாம் பெருமைப்பட்டுக்கொள்வதும் உண்டு. ஆனால், குடிமைப்பணித் தேர்வின் வினாத்தாள்களை வரிசையாக எடுத்து வைத்துப் பார்த்தால், அந்தத் தொகுப்பு இருவரையும் ஒரே மாதிரிதான் கைவிடுகிறது. பாடத்திட்டத்தின் முதல் வரியே தேசிய, சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த நடப்பு நிகழ்வுகள்தான். அந்த வரியின் பேரில் கேட்கப்படும் கேள்விகளோ, செய்தி வந்த நாளை விட்டுவிட்டு, அது எந்தச் சட்டத்தின் கீழ் நடந்தது, எந்த அமைப்பு செய்தது, பணம் யாருடையது என்ற பக்கம் போய் நிற்கின்றன.

நம் ஊர்ப் பொருளையே எடுத்துக்கொள்வோம். கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020 ஏப்ரல் 30 அன்று புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஆண்டுத் தொகுப்புகளில் இது ஒரு வரி. மாணவர் அடிக்கோடிட்டார், மறந்தார், மறுபடி அடிக்கோடிட்டார். 2015ஆம் ஆண்டு முதல்நிலைத் தேர்வில் பனாரஸ் பட்டு, ராஜஸ்தானின் தால்-பாட்டி-சூர்மா, திருப்பதி லட்டு ஆகியவற்றில் எவற்றுக்குப் புவிசார் குறியீடு உண்டு என்று கேட்டார்கள். அது பட்டியல் கேள்வி, ஒப்புக்கொள்கிறோம். மூன்றே ஆண்டு கழித்து, 2018இல், இந்தியா 1999ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டத்தை எந்த அமைப்புக்கான கடமையை நிறைவேற்ற இயற்றியது என்று கேட்டார்கள். விடை உலக வர்த்தக அமைப்பு. பட்டியலை மனப்பாடம் செய்தவருக்கு முதல் கேள்வியில் இரண்டு மதிப்பெண் கிடைத்திருக்கும். இரண்டாவதில் அவருக்கு இருட்டுதான். கடலைமிட்டாயை வகுப்பில் ஒரு மணி நேரம் பிரித்துப் பார்த்திருந்தால் கதை வேறு. 2014இல் விண்ணப்பித்தது உற்பத்தியாளர் சங்கம், தனி முதலாளி அல்ல. ஏன்? வணிகச் சின்னத்தை விற்கலாம், வாடகைக்குக்கூட விடலாம். புவிசார் குறியீட்டை யாருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது என்று சட்டமே தடுக்கிறது. பதிவு 10 ஆண்டுக்கு, பிறகு புதுப்பிக்க வேண்டும். பதிவகம் சென்னையில் இருக்கிறது. அதை நடத்துவது மத்திய வணிக, தொழில் அமைச்சகம். சட்டம் நிறைவேறியது 1999இல், நடைமுறைக்கு வந்தது 2003 செப்டம்பரில். இவ்வளவும் தெரிந்தவருக்குத் தால்-பாட்டி-சூர்மாவைப் பற்றித் தெரியாமல் போகலாம். ஆனால், அவர் பதில் சொல்லக்கூடிய கேள்விகளின் எண்ணிக்கை பட்டியல்காரரைவிட அதிகம்.

இதைவிடக் கூர்மையான சான்று பயிர்க் காப்பீடு. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016 காரீப் பருவத்தில் தொடங்கியது. அந்த ஆண்டு முதல்நிலைத் தேர்விலேயே கேள்வியும் வந்துவிட்டது. எந்தப் பருவத்தில் எந்தப் பயிரைச் சாகுபடி செய்தாலும் விவசாயி ஒரே சீராக 2 சதவீதம் பிரீமியம் கட்ட வேண்டும் என்பது முதல் கூற்று. புயலாலும் பருவம் தப்பிய மழையாலும் அறுவடைக்குப் பின் ஏற்படும் இழப்பையும் திட்டம் ஈடுசெய்யும் என்பது இரண்டாவது. முதல் கூற்று தவறு, இரண்டாவது சரி. திட்டத்தை ஒரே வரியில் சுருக்கும்போது முதலில் உதிர்ந்துபோவது பருவமும் பயிரும்தான். ‘விவசாயி பங்கு 2 சதவீதம்’ என்ற எண் மட்டும் மிஞ்சும். கேள்வி அமைத்தவர் சரியாக அந்த இடத்தில்தான் பொறி வைத்திருக்கிறார். காரீப் உணவு தானியம், எண்ணெய் வித்துக்கு 2, ராபிக்கு 1.5, பணப் பயிருக்கும் தோட்டக்கலைப் பயிருக்கும் 5 என்பதுதான் முழு விவரம்.

ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கத்து மானாவாரிக் கரிசலில் இது பாடமாக இருக்க வேண்டியதே இல்லை. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்துவிட்டு, வி.ஏ.ஓ.விடம் அடங்கல் வாங்கி, இ-சேவை மையத்தில் உளுந்துக்கு ஒரு கணக்கும் பருத்திக்கும் மிளகாய்க்கும் வேறொரு கணக்குமாகப் பிரீமியம் கட்டுகிற வீடுகள் இவை. 2021 ஜனவரியில் அறுப்பு நேரத்தில் மழை விடாமல் அடித்தபோது, அறுத்துப் போட்ட கதிர் களத்தில் முளைத்ததை இந்த வட்டாரம் பார்த்திருக்கிறது. அறுத்துக் காயப்போட்ட பயிருக்கு 14 நாள் வரை பாதுகாப்பு உண்டு, 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும், அந்த இழப்பைத் தனித்தனி வயலாகப் பார்ப்பார்கள், பொதுவான மகசூல் இழப்பை மட்டும் அறிவிக்கப்பட்ட கிராமம் அல்லது பிர்கா அளவில் அறுவடைப் பரிசோதனை நடத்திக் கணக்கிடுவார்கள் என்பதையெல்லாம் அந்த வீட்டுப் பிள்ளை தெரிந்துகொள்ள இழப்பீட்டுக்காக ஒருமுறை அலைந்தால் போதும். ‘பக்கத்துப் பிர்காவுக்கு வந்துருச்சு, நமக்கு மட்டும் ஏன் வரல?’ என்று டீக்கடையில் கேட்கிறார்களே, அது காப்பீட்டு அலகைப் பற்றிய கேள்வி. 2020 காரீப்பிலிருந்து கடன் வாங்கியவருக்கும் திட்டம் விருப்பத்துக்கு உரியதானது. மத்திய அரசு தன் மானியத்தை, பாசனமில்லாத நிலத்தில் 30, பாசன நிலத்தில் 25 சதவீதப் பிரீமியம் வரைக்கும்தான் என்று வரம்பு கட்டியது. அதற்கு மேல் போனால் யார் தலையில் விழும்? மத்திய–மாநில நிதி உறவு என்று முதன்மைத் தேர்வில் 15 மதிப்பெண்ணுக்கு வருவது இந்தக் கேள்விதான். இத்தனையையும் வாசலில் வைத்துக்கொண்டு, அந்தப் பிள்ளைக்கு ‘2 சதவீதம்’ என்று ஒரு வரியைக் கொடுத்துக் கட்டணம் வாங்குகிறோம்.

மற்ற செய்திகளும் இப்படித்தான். கோவில்பட்டித் தீப்பெட்டியைப் பிரித்தால் ஜி.எஸ்.டி. மன்றம் வருகிறது: கையால் செய்ததற்கு 5, மற்றதற்கு 18 என்று இருந்ததை 2020 ஏப்ரலில் எல்லாவற்றுக்கும் 12 என்று ஆக்கினார்கள், அந்த மன்றம் அரசமைப்பின் 279ஏ பிரிவில் பிறந்தது. 20 ரூபாய்க்குக் குறைந்த சிகரெட் லைட்டர்களை இறக்குமதி செய்ய 2023 ஜூனில் தடை போட்டது வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம். நாடாளுமன்றம் புதிதாக எதையும் நிறைவேற்றவில்லை, ஓர் அறிவிக்கை போதுமாக இருந்தது. குழந்தைத் தொழிலாளர் குறித்த 1996ஆம் ஆண்டு எம்.சி.மேத்தா தீர்ப்பும் சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளிலிருந்து எழுந்ததே. 2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை என்பதை எல்லாத் தொகுப்பும் எழுதியது. ‘தேசியப் பேரிடராக அறிவிக்க வேண்டும்’ என்று கோரிக்கை எழுந்ததே, அப்படியொரு வகை 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் உண்டா, மாநிலப் பேரிடர் நிதியில் மத்திய அரசின் பங்கு 75 சதவீதம் என்றால் கூடுதல் உதவி எந்த நிதியிலிருந்து வரும் என்பதை விளக்கிய தொகுப்பு அரிது.

இதற்கு முதல் மறுப்பு நம் சக பயிற்சியாளர்களிடமிருந்தே வரும். எங்கள் மாணவரில் பெரும்பான்மையோர் எழுதுவது குரூப் 4, குரூப் 2. அங்கே விருதும் நூலும் நேரடியாகத்தான் வருகின்றன. ஒரு மதிப்பெண்ணில் ஆயிரக்கணக்கானோர் பின்னுக்குப் போகிறார்கள் என்பார்கள். நியாயம். 2022 குரூப் 4 தேர்வுக்கு 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். அந்த நெரிசலில் ஒரு வரித் தகவலை அற்பம் என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. பாடத்திட்டமே விளையாட்டு, நூல்கள், செய்தியில் இடம்பெற்ற மனிதர்கள் என்று பெயர் சொல்லிக் கேட்கும்போது கொடுக்கத்தான் வேண்டும். நாம் கேட்பது அளவைத்தான். அந்தப் பட்டியல் தேர்வுக்கு முந்தைய சில வாரங்களுக்கான வேலை. ஆண்டு முழுவதும் அதுவே வகுப்பாக இருப்பதுதான் கேடு. தமிழ்நாட்டுத் தேர்வாணையத்தின் தாள்களிலும் கூற்று–காரணம், சரியான கூற்றுகளைத் தேர்ந்தெடு என்ற வகைகள் வந்து ஊன்றிவிட்டதைப் பாடம் நடத்துகிற யாரும் கவனிக்காமல் இருக்க முடியாது.

இரண்டாவது மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது, அதுதான் கடினமானதும்கூட. 2023 முதல்நிலைத் தேர்விலிருந்து ‘மேற்கண்டவற்றில் எத்தனை சரி’ என்ற வடிவம் பெருகியது. ஒன்று மட்டும், இரண்டு மட்டும், மூன்றும் என்று விடை இருந்தால், ஒரு கூற்றை வைத்து மற்றதைக் கழித்துக் கண்டுபிடிக்கிற பழைய தந்திரம் செல்லாது. அப்படியானால் எல்லாத் தகவலும் தெரிந்திருக்க வேண்டாமா, தொகுப்பு இன்னும் தடிக்க வேண்டாமா என்று கேட்கிறார்கள். இந்த வடிவம் தண்டிப்பது அரைகுறை அறிவை. நூறு திட்டங்களில் ஒவ்வொரு வரி தெரிந்தவர், மூன்று கூற்று உள்ள கேள்வியில் ஒவ்வொரு முறையும் ஒன்றைத் தெரிந்து, இரண்டை ஊகிக்கிறார்; ஒரு தவறுக்கு 0.66 போகிறது. இருபது திட்டங்களை அடிவரை தெரிந்தவர் அந்த இருபதில் உறுதியாகப் போடுகிறார், மற்றதைத் தொடாமல் விடுகிறார். இந்த வழியில் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டோம். நாம் தேர்ந்தெடுத்த இருபதுக்கு வெளியே கேள்வி போகிற ஆண்டுகள் வரும். எதைத் தேர்ந்தெடுப்பது என்ற அந்தத் தீர்ப்புக்காகத்தான் பயிற்சியாளர் என்றொருவர் தேவைப்படுகிறார்; ஒன்றையும் விடாமல் திரட்டித் தர டெலிகிராம் போதும்.

உள்ளூரைப் பிடித்துக்கொண்டு அகில இந்தியத் தேர்வை எழுத முடியுமா என்பது மூன்றாவது. இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. 2021இல் இந்தியாவின் கரிசல் மண் எதன் சிதைவால் உருவானது என்று கேட்டார்கள். எதிர்பார்த்த விடை, தக்காணத்தின் பிளவு எரிமலைப் பாறை. தென் தமிழ்நாட்டுக் கரிசலின் பெரும்பகுதி எரிமலைப் பாறையில் வந்ததல்ல. வறண்ட தட்பவெப்பத்தில் நைஸ் போன்ற பாறைகள் சிதைந்து உண்டானது. விடைகளில் ‘கிரானைட்டும் சிஸ்ட்டும்’ என்று ஒன்று வைத்திருந்தார்கள். இந்த மண்ணில் பிறந்து, இதன் நிலவியலை மட்டும் கேள்விப்பட்டவர் அங்கே சறுக்கியிருக்க வாய்ப்பு அதிகம். ஆகவே, சொந்த ஊர் அறிவு பாடநூலுக்கு மாற்று ஆகாது. ஊரில் பார்த்ததைப் பாடநூலோடும் அரசு அறிவிக்கையோடும் ஒட்டிப் பார்க்கிற பழக்கம் இருந்தால், ஒட்டாத இடம்தான் நினைவில் ஆழமாகப் பதிகிறது. விதர்பாவின் பருத்திக் காட்டுக்கும் பசுவந்தனைக்கும் மண்ணின் பிறப்பு வேறு, காப்பீட்டு விதி ஒன்று என்பதை ஒரே வகுப்பில் சொல்லிவிடலாம்.

மொழிக்கு வருவோம். முதல்நிலை வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் அச்சாகிறது. முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம். அங்கேயும் பொது அறிவுத் தாள்களின் கேள்வி அந்த இரண்டு மொழிகளில்தான். மத்திய ஆயுதப்படைக் காவலர் தேர்வை 2024 முதல் இந்தி, ஆங்கிலத்தோடு தமிழ் உள்ளிட்ட 13 மொழிகளில் நடத்த முடிந்திருக்கிறது. முதல்நிலையும் கொள்குறி வினாத்தாள்தான். அதை மட்டும் ஏன் முடியாது என்ற கேள்வியை இந்தத் துறையில் இருப்பவர்கள் உரக்கக் கேட்காதது வியப்பு. அது நடக்கும்வரை தமிழ்வழி மாணவருக்கு நாம் தரும் மாதத் தொகுப்பு, ஆங்கிலத் தொகுப்பின் அவசரத் தமிழாக்கமாக இருந்து பயனில்லை. அதில் பருவமும் பயிரும் உதிர்ந்த எண்கள்தான் வந்து சேர்கின்றன. பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் தமிழ்ச் செய்திக் குறிப்பு இருக்கிறது, ‘திட்டம்’ இதழ் இருக்கிறது, 2025 மார்ச்சில் மாநிலத் திட்டக் குழு முதன்முறையாக வெளியிட்ட தமிழ்நாட்டுப் பொருளாதார ஆய்வறிக்கையும் இருக்கிறது. இவற்றின் மூல வாசகத்தை வகுப்பில் வாய்விட்டுப் படித்து, ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் ஆங்கிலச் சொல்லைக் கரும்பலகையில் பக்கத்திலேயே எழுதிப் போட வேண்டும். ‘அறுவடைக்குப் பிந்தைய இழப்பு’ என்பதைச் சொந்தக் களத்தில் பார்த்தவர், வினாத்தாளில் அதன் ஆங்கிலச் சொல்லை அடையாளம் தெரியாமல் தாண்டிப் போனால், அந்த இரண்டு மதிப்பெண்ணுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர்கள் நாம்.