நாயின் நெஞ்சிலே ஒரு முணுமுணுப்பு

நாய்க்கும் இருதயம் உண்டென்பதை மறுப்பாரில்லை. ஆயினும் அவ்விருதயத்திற்கு நோய் வந்துள்ளதென்று எவரேனும் கூறுவாராயின், “மனிதருக்கே மருந்து தட்டுப்பாடாயிருக்கையில் நாய்க்கு இருதய வைத்தியமா?” என நகைப்பார் நம்மிடையே இன்றும் உளர். நகைப்பவர் நகைக்கட்டும். பத்தாண்டுகள் வாயிலைக் காத்துக் கிடந்த பிராணி இளைப்பதை அருகிருந்து பார்த்தவர்க்கு அந்நகைப்பு வராது.

என்னிடம் உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவி ஒருத்தி அண்மையிற் பாடம் முடிந்தபின் தயங்கி நின்று, “சேர், எங்கள் வீட்டு நாய்க்கு இருதயத்தில் முணுமுணுப்பு இருக்கிறதென்று மிருக வைத்தியர் சொல்லிவிட்டார். இன்னும் எத்தனை நாளைக்கு உயிரோடு இருக்கும்?” என்று வினவினாள். தடுப்பூசி போடுவதற்குக் கொண்டுசென்ற இடத்தில் தற்செயலாகக் கண்டுபிடித்ததாம். நாய் உண்கிறது, ஓடுகிறது, தபாற்காரரைக் கண்டாற் குரைக்கிறது. வீட்டிலோ எவர் முகத்திலும் களையில்லை. நாயோடு விளையாடித் திரியும் பத்து வயதுத் தம்பிக்கு மட்டும் ஒன்றும் சொல்லவேண்டாமெனப் பெற்றோர் தடுத்துவிட்டனராம்.

முணுமுணுப்பென்பது நோயின் பெயரன்று. வைத்தியரின் காதில் விழும் ஓர் ஒலியின் பெயர். நமது தோட்டங்களில் வாய்க்கால் வழியே நீர் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். வரம்பு செம்மையாயுள்ள இடத்தில் நீர் ஓசையின்றிச் செல்லும். உடைப்பெடுத்த இடத்திலோ சலசலக்கும். இடது சோணையறைக்கும் இடது இதயவறைக்கும் நடுவேயுள்ள இருகூர் வால்வு முதுமையில் தடித்துச் செவ்வையாக மூடாதொழியுமாயின், இதயவறை சுருங்குந்தோறும் குருதியிற் சிறிது பின்னோக்கிப் பாயும். அச்சலசலப்பே முணுமுணுப்பு. சிறு சாதி நாய்களுக்கு வயது முதிர்கையில் இது மிகச் சாதாரணம்.

வேறு காரணங்களும் உள. குட்டிகளிற் கேட்கும் மெல்லிய முணுமுணுப்புச் சில, வளர வளரத் தாமே மறைந்துவிடும். உண்ணிக் காய்ச்சலால் இரத்தம் குன்றிய நாயிலும், நீர்த்த குருதி விரைந்தோடுவதால் அவ்வொலி எழலாம். இரத்தம் ஊறினால் ஒலியும் அடங்கும். எவ்வகை முணுமுணுப்பென்று கேட்டறியுமுன் அழத் தொடங்குவது முறையன்று.

ஒலியை 1 முதல் 6 வரை தரம் பிரிப்பர். இலக்கத்தைக் கண்டதும் மாணவர்க்குப் பரீட்சைப் புள்ளி நினைவு வருவது இயல்பு. இவ்விலக்கமோ ஒலியின் உரப்பையே காட்டுவது. சிறு துவாரத்தின் வழியே பீறிடும் குருதி பேரொலி எழுப்பக்கூடும். இருதயம் பருத்துள்ளதா என்பதே முக்கியமான வினா. எக்ஸ்றேயும் எக்கோவும் அதற்கு விடை தரும். வால்வு நோயில் இருதயம் பருக்காதவரை பெரும்பாலும் மருந்தே வேண்டுவதில்லை. பல நாய்கள் அந்நிலையிலேயே ஆண்டுக்கணக்காக வாழ்ந்துவிடுகின்றன. பருத்தபின், இளைப்புத் தோன்றுமுன்னரே பிமோபென்டன் என்னும் மருந்தைத் தொடங்கினால், இருதயச் செயலிழப்பு ஏறத்தாழ 15 மாதங்கள் பிற்படுகிறதென 2016 இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. நாயின் வாழ்நாளில் 15 மாதம் சிறிதன்று.

தம்பியிடம் மறைத்தது எனக்கு உவப்பாயில்லை. பெரியவர்களின் முகத்தைப் பிள்ளைகள் நம்மைவிட நன்றாகப் படிப்பார்கள். அதுவுமன்றி, இந்நோயில் வீட்டார் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை ஒரு சிறுவனால் இயல்வதே. நாய் அயர்ந்துறங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை ஒன்றெனக் கொண்டு ஒரு நிமிடம் எண்ணவேண்டும். கனவு கண்டு காலை உதறும்போது எண்ணலாகாது. 30 க்குக் குறைவாயிருப்பது வழக்கம். அதனைத் தாண்டி நிற்குமாயின் நுரையீரலில் நீர் கோக்கிறதோவென ஐயுற்று அன்றே வைத்தியரிடம் கொண்டுசெல்லல் வேண்டும். ஒரு கொப்பியிற் குறித்துவரும்படி சொல்லியனுப்பினேன். மறுவாரம் அவள் கொண்டுவந்த கொப்பியில் 18, 20, 19 என்றிருந்தது. எழுத்துத் தம்பியுடையது.

உணவில் உப்புக் கூடாமற் பார்க்கவேண்டும். கருவாட்டுத் தலையை எறிந்து பழகிய வீடுகள் அதனை நிறுத்துதல் நன்று. கழுத்துப்பட்டியை இழுத்தால் இருமல் மிகும். மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டியே ஏற்றது. சித்திரை வெயிலில் நடத்திச் செல்லலாகாது. அப்பப்பாவின் இருதயக் குளிசையிற் பாதியை உடைத்து நாய்க்குக் கொடுக்கும் கெட்டித்தனமும் வேண்டாம்.

ஆயுள்வரை நாடோறும் குளிசை கொடுப்பதற்குச் செலவு உண்டு. பிள்ளைகளின் ரியூசன் கட்டணத்தோடு அதுவும் சேரும்போது தந்தையார் தயங்கினால், அவரைக் கல்நெஞ்சரென்று பிள்ளைகள் கூறுதல் நியாயமன்று. எவ்வளவு இயலுமென்பதை வைத்தியரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். எக்கோவுக்கு வழியில்லாதவிடத்து, எக்ஸ்றேயைக் கொண்டும் அந்தக் கொப்பியைக் கொண்டும் அவர் இயன்றவரை வழிகாட்டுவார். ஆனால் நாய் மயங்கி விழுந்தாலோ, நாக்கு நீலம் பாய்ந்தாலோ, விடியட்டுமென்று காத்திருக்கலாகாது.