பருவம் தெரியாத கடை

ரெண்டு வாரமா எதுவும் எழுத முடியலை. சித்திரையில கோடை மழை ரெண்டு தடவை நல்லா இறங்கினதால உழவு வேலை சரியா இருந்துச்சு. நேத்துதான் கொஞ்சம் உட்கார நேரம் கிடைச்சுது.

என் தங்கச்சி மகன் ஜெர்மனியில வேலை பார்க்கிறான்னு முன்னாடியே எழுதியிருக்கேன். போன வாரம் வாட்ஸ்அப்புல ஒரு போட்டோ அனுப்பினான். ஒரு சின்னக் கடை, வாசல்ல கரும்பலகை, அதுல சாக்பீஸ்ல என்னமோ எழுதியிருக்கு. கீழே, "மாமா, இது எங்க தெரு ஒயின் ஷாப்பு"ன்னு ஒரு வரி. எனக்கு சுருக்குன்னு கோபம் வந்துருச்சு. உடனே போனைப் போட்டேன்.

"ஏன் மாப்ளே, உங்கம்மா நகையை அடகு வச்சு உன்னைப் படிக்க வச்சது ஒயின் ஷாப்பு வாசல்ல நின்னு போட்டோ எடுக்கவா?"

அவன் சிரிச்சான். "மாமா, நீங்க நெனைக்கிற கடை இல்லைங்க மாமா. அந்தப் பலகையில என்ன எழுதியிருக்குன்னு சொல்றேன், கேளுங்க"ன்னான்.

அவன் சொன்னதைக் கேட்டதுல இருந்து எனக்கு வேற யோசனையே இல்லை. அதைத்தான் இன்னைக்கு எழுதுறேன்.

அந்தக் கடையில வருசம் பூரா ஒரே சரக்கு கிடையாதாம். அங்கே இப்போ வசந்த காலம். போன வருசம் புரட்டாசி, ஐப்பசி வாக்குல பறிச்ச திராட்சையில போட்ட புது ஒயின் இப்பதான் பாட்டிலாகி வருது. குளிர் முடிஞ்சு ஆடுங்க குட்டி போட்டு, புதுப் புல்லு மேயுற நேரம். அந்தப் பால்ல செஞ்ச புதுச் சீஸும் இப்ப வருது. அது வெள்ளையா, மெத்துன்னு நம்ம கெட்டித்தயிர் மாதிரி இருக்குமாம். இதோட சேர்த்துச் சாப்பிட ஒரு தண்டு இருக்கு, அஸ்பாரகஸ்னு பேரு. நம்ம தண்ணீர்விட்டான் கிழங்குக் கொடிக்கு அது பங்காளிச் செடி. வெயில் படாம மண்ணை அணைச்சு அணைச்சு வெள்ளையாவே வளர்த்து, வெளியே தலை காட்டுறதுக்குள்ள அறுக்கிறாங்க. எந்தத் தண்டுக்கு எந்த ஒயின், எந்தச் சீஸ், எந்த ஊர்த் தோட்டத்துல விளைஞ்சதுன்னு அந்தப் பலகையிலேயே எழுதி வச்சிருக்காங்க.

இதுல எனக்குப் பிடிச்சது ஒரே ஒரு விஷயம். ஜூன் 24-ஆம் தேதியோட அந்தத் தண்டு அறுக்கிறதை நிறுத்திடுவாங்களாம். அன்னைக்கு அங்கே புனித யோவான் திருநாள். அதுக்கப்புறம் செடியை வளர விட்டுடணும். அப்பத்தான் இலை விட்டு, வேருல சத்து சேர்ந்து அடுத்த வருசம் தண்டு வரும். விலை நல்லா இருக்கே, இன்னும் ஒரு மாசம் அறுப்போம்னு பேராசைப்பட்டா, அடுத்த வருசம் அறுக்கத் தண்டு இருக்காது. வாங்குறவங்களுக்கும் இது தெரியும். ஜூலையில வந்து "ஏன் இல்லை"ன்னு யாரும் சண்டை போடுறதில்லை.

இது ஒரு விவசாயி போட்ட கணக்கு. கடைக்காரரும் அதை மதிக்கிறார், சாப்பிடுறவரும் மதிக்கிறார்.

இப்ப நம்ம ஒயின் ஷாப்புக்கு வருவோம். 2003 நவம்பர்ல சில்லறை விற்பனையை டாஸ்மாக் எடுத்துக்கிறதுக்கு முன்னாடி தனியார் கடை போர்டுல எல்லாம் "ஒயின்ஸ்"னுதான் எழுதியிருக்கும். அந்தப் பழக்கத்துல இன்னைக்கும் நாம ஒயின் ஷாப்புன்னுதான் சொல்றோம். ஆனா உள்ளே போய் ஒயின் கேட்டுப் பாருங்க, மேலேயும் கீழேயும் பார்ப்பாங்க. விக்கிறது பிராந்தி, ரம், பீர். தைக்கும் அதேதான், ஆடிக்கும் அதேதான். அந்த பிராந்தி பெரும்பாலும் சர்க்கரை ஆலையில மிஞ்சுற கழிவுப்பாகுல இருந்து எடுத்த சாராயத்துக்கு நிறமும் வாசமும் சேர்த்தது. எந்த ஊரு, எந்தத் தோட்டம், எந்த மாசம்னு அந்தப் பாட்டிலைக் கேட்டா அதுக்குப் பதில் தெரியாது. அதுக்குத் தொட்டுக்க என்ன? ஒரு பாக்கெட் ஊறுகாய், ஒரு பாக்கெட் தண்ணி. கடை வாசல்ல குந்தி அஞ்சு நிமிசத்துல குடிச்சிட்டுப் போறதுக்குப் பேரு சாப்பாடும் இல்லை, விருந்தும் இல்லை.

2024-ல தமிழ்நாட்டுல இப்படி 4,800 சொச்சம் கடை இருந்துச்சு. 2023-24-ல 45,000 கோடி ரூபாய்க்கு மேல அரசுக்கு வருமானம் வந்துச்சு. எங்க மலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு ஏறி அந்தப் பாட்டில் வருது, எங்க சம்பாத்தியம் அதே 70 வளைவு இறங்கிப் போகுது. மிளகு வித்த காசும் பலா வித்த காசும் மரவள்ளி வித்த காசும் அதுல சேர்த்தி.

பெருமைக்கு எழுதலை. என் கூடப்பிறந்த அண்ணன் போய்ச் சேர்ந்து எட்டு வருசம் ஆச்சு. மஞ்சக்காமாலைன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. என்ன காமாலைன்னு எங்களுக்குத் தெரியும். மலையில அவர் அளவுக்கு மரம் ஏறுறவர் கிடையாது. உச்சாணிக் கிளையில பழுத்த பலாவை, கீழே விழுந்து சிதறாம கயிறு கட்டி இறக்குவார். கடைசி ரெண்டு வருசம் ஏணியில ஏறவே கை நடுங்குச்சு.

சரி, இதுக்கு என்ன வழி? நான் சின்ன வயசுல பார்த்த ஒண்ணைச் சொல்றேன்.

பத்தாவது வரைக்கும் நான் கீழே, சேந்தமங்கலம் பக்கம் ஹாஸ்டல்ல தங்கிப் படிச்சேன். கூடப் படிச்ச பையனோட அப்பா பனையேறி. தை பிறந்தா அவருக்குப் பருவம் ஆரம்பம். பாளையை இடுக்கி வச்சு நசுக்கிக் கட்டி, தினமும் காலையும் சாயங்காலமும் ஏறி நுனியைச் சீவி விடுவார். கலயத்துக்குள்ளே சுண்ணாம்பு தடவினா பதநீர், தடவலைன்னா கள்ளு. அவ்வளவுதான் வித்தியாசம். பதநீரைக் காய்ச்சினா கருப்பட்டி. காலையில இறக்கின கள்ளு இனிக்கும், உச்சிக்கு உறைக்கும், மறுநாள் புளிச்சுப் போகும். ஒரு வாரம் வச்சு விக்க முடியாது, லாரியில ஏத்தி நாலு மாவட்டம் தாண்டி அனுப்புறதும் கஷ்டம். அதனாலேயே அது அந்த ஊர் மரத்துது, அந்த ஊர் ஆளுக்கு. கூடவே நுங்கு, சுட்ட கருவாடு, பச்சைமிளகா போட்ட மொச்சைச் சுண்டல். ஆடி வந்து காத்தடிச்சா ஏறுறதை நிறுத்திடுவார். "மரம் ஓஞ்சு போச்சு, இனி அது இளைப்பாறட்டும்"பார். ஜெர்மனிக்காரன் ஜூன் 24-ல கத்தியைக் கீழே வைக்கிற மாதிரியேதான்.

1987 ஜனவரி 1-ஆம் தேதியோட கள்ளுக்கடையை மூடுனாங்க. அந்தத் தையில அவர் பாளை அருவாளை இறவாணத்துல சொருகினவர், அப்புறம் எடுக்கவே இல்லை. லாரி லோடு ஏத்தப் போனார். பனையை மாநில மரம்னு சொல்றோம், ஆனா அதுல ஏறிக் கள்ளு இறக்குறதைக் குத்தம்னு சொல்றோம். 2017-ல தென்னையில நீரா இறக்க அனுமதி கிடைச்சுது. அது புளிக்காம இருக்கணும். புளிச்சா வழக்கு.

இப்ப நீங்க கேக்கிற கேள்வி எனக்குத் தெரியும். "கள்ளுல கலப்படம் பண்ணலையா? கள்ளுக்கடையால குடும்பம் அழியலையா?" அழிஞ்சுது. அதை மறைச்சு நான் பேசலை. 1937 அக்டோபர்ல ராஜாஜி முதன்முதலா மதுவிலக்கு கொண்டு வந்தது எங்க சேலம் ஜில்லாவுலதான். நாமக்கல் தனி மாவட்டமானது 1997-ல, அதுவரைக்கும் நாங்களும் சேலம்தான். அன்னைக்கு இந்தச் சீமைப் பொம்பளைங்க சந்தோசப்பட்டிருப்பாங்க. சந்தேகமே இல்லை. கள்ளு இருந்திருந்தா எங்கண்ணன் பொழைச்சிருப்பார்னும் நான் சொல்ல மாட்டேன். குடிக்கு அடிமையானவருக்கு எந்தக் குடியும் விஷம்தான்.

ஆனா கலப்படம் எப்ப வருதுன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. மரம் கொடுக்கிறது பத்துப் படி. கடைக்கு வேணும்கிறது அம்பது படி. அந்த நாப்பது படிக்குத்தான் மருந்து கலக்குறான். ஆடி முடிஞ்ச பிறகும் கடை திறந்திருந்தா, மரத்துல இல்லாத கள்ளு எங்கேயிருந்து வரும்? பருவத்தை மதிக்காத கடையிலதான் கலப்படம் பொறக்குது. கேரளாவுல கள்ளுக்கடை இருக்கு. கப்பையும் மீன்குழம்பும் சாப்பிடவே குடும்பத்தோட போறவங்களும் இருக்காங்க. அங்கேயும் கலப்படப் புகார் உண்டு. காரணம் இதேதான்னு நான் நெனைக்கிறேன். இன்னொரு பக்கம், எல்லாத்தையும் மூடினா என்ன ஆகும்னு 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில பார்த்தோம். கடை இருந்தும் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60 பேருக்கு மேல பலியானாங்க. கடை இருந்தாலும் சாவு, இல்லைன்னாலும் சாவுங்கிற இடத்துல நிக்கிறோம்.

கோவாவுல ஒரு வழக்கம் இருக்கு. முந்திரிப்பழம் பழுக்கிற பங்குனி, சித்திரையில மட்டும் 'உராக்'னு ஒண்ணு கிடைக்கும். அந்தப் பழச்சாற்றை ஒரு தடவை மட்டும் வடிச்சது. பழம் முடிஞ்சா அதுவும் முடிஞ்சுது. மறுபடி வடிச்சு எடுக்கிற முந்திரி ஃபெனிக்கு 2009-ல புவிசார் குறியீடே வாங்கிட்டாங்க. அவங்க குடிகாரங்க, நாம யோக்கியங்கன்னு சொல்ல முடியுமா? நாம பாட்டில்ல குடிக்கிறோம், அவ்வளவுதான்.

அதனால நான் கேக்கிறது இதுதான். குடிக்கணும்னு ஆசைப்பட்டு இதைக் கேக்கலை. நானே அண்ணன் போன வருசத்தோட விட்டாச்சு. ஊருக்கு ஒரு பருவக்கடை வேணும். தையில திறக்கட்டும், ஆடி 18-ல பூட்டட்டும். எங்க வல்வில் ஓரி விழா அன்னைக்குச் சாவியை ஒப்படைச்சிடணும். அந்த ஊர் மரத்துல இறங்கின பதநீர், கள்ளு, நுங்கு, கருப்பட்டி மட்டும் விக்கணும். எத்தனை மரம், எந்தப் பனையேறின்னு பலகையில எழுதணும். மரம் கொடுத்தது தீர்ந்தா கடை மூடணும். வெளியூர்ச் சரக்கு ஒரு சொட்டு வந்தாலும் உரிமம் ரத்து. இதை முதல்ல நாலு ஊர்ல செஞ்சு பார்த்துட்டு, சரியா வரலைன்னா நிறுத்திடலாம். மரத்துக்கு ஒண்ணும் நட்டமில்லை.

மிச்ச மாசத்துக்கு? அந்தக் கடையிலேயே எங்க மலைப் பொருளை வைக்கலாமே. சித்திரையில பலாப்பிஞ்சு. எங்க வீட்டுல அதைக் கறி மாதிரி மிளகு அரைச்சுப் போட்டு வறுப்பாங்க, ஆட்டுக்கறி தோத்துப் போகும். வைகாசி, ஆனியில பலாப்பழம், அன்னாசி. மழை பிடிச்சா முடவாட்டுக்கால் கிழங்கு சூப்பு. ஐப்பசி, கார்த்திகையில புதுச் சாமைச் சோறு. தை, மாசியில புது மிளகு. போன ஆனியில நல்ல பழமா பதினஞ்சு பலா, ஒண்ணு 30 ரூபாய்னு கொடுத்துட்டு வந்தேன். சந்தையில குவிஞ்சு கெடக்கு, திரும்பத் தூக்கிட்டு வரக் கூலி கட்டாது. அதே பழத்தைச் சுளை கணக்குல நீங்க சென்னையில என்ன விலைக்கு வாங்குறீங்கன்னு உங்களுக்கே தெரியும். நடுவுல பருவம் தெரிஞ்ச கடைக்காரர் ஒருத்தர் இருந்தா நான் சாமை விதைக்கிறதை விட்டுட்டு மரவள்ளிக்கு மாறியிருக்க மாட்டேன்.

"சீஸுக்கு எங்கே போறது மாமா?"ன்னு மருமகன் கிண்டலாக் கேட்டான். "ஏன்டா மாப்ளே, சீம்பாலை மறந்துட்டியா?"ன்னு கேட்டேன். மாடு கன்னு போட்ட மூணு நாலு நாளைக்கு வர்ற பால். கன்னுக்குட்டி வயிறு நிறையக் குடிச்சது போக மிச்சத்தைக் கறந்து, வெல்லமும் ஏலக்காயும் தட்டிப் போட்டு ஆவியில வச்சா தானா உறையும். ஒறை ஊத்த வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். கத்தியில வெட்டித் தட்டுல வைக்கலாம். அஞ்சாவது நாள் கேட்டா கிடைக்காது. கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், "அம்மா செஞ்சு கொடுத்து ஆறு வருசம் ஆச்சு மாமா"ன்னான்.

கடையை அரசு திறக்குமோ திறக்காதோ. நகரத்துல இருக்கிற நீங்க ஒண்ணு செய்யலாம். அடுத்த தடவை காய் வாங்கும்போதும் பழம் வாங்கும்போதும் விலை கேக்கிறதுக்கு முன்னாடி, "இது எந்த ஊரு, இப்ப இதுக்குப் பருவமா?"ன்னு கடைக்காரரைக் கேளுங்க. முதல் நாள் முறைப்பார். பத்துப் பேர் கேட்டா அவரும் ஒரு பலகை வாங்கி மாட்டுவார்.

எங்க வீட்டுச் செவலைக்கு இது நிறைமாசம். வைகாசி பத்துக்குள்ள கன்னு போடும். அந்த நேரத்துல மலைக்கு வர்றவங்க வீட்டுக்கு வாங்க. அஞ்சாவது நாள் வந்துட்டு என்னைக் குறை சொல்லக் கூடாது.