கைமாற்று கொடுங்கள், காய் வாங்குங்கள்: திண்டுக்கல் மாவட்ட மக்களுக்கு ஒரு வேண்டுகோள்



ரெட்டியார்சத்திரம் சுற்றுவட்டார ஊர்களில் காய்கறி போடும் சிறு விவசாயிகள் சிலரும், அவர்களிடம் காய் வாங்கும் நகரத்துக் குடும்பங்கள் சிலவும், தோட்டக்கலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம். எங்களுக்குப் பின்னால் கட்சியோ சாதிச் சங்கமோ கிடையாது. கால் ஏக்கரில் நிழல்வலைக்குடில் போட்டுக் காய்கறி வளர்க்க முன்வரும் சிறு விவசாயியோடு மூன்று வருடம் கூடவே நில்லுங்கள் என்பதுதான் எங்கள் வேண்டுகோள்.

தமிழ்நாட்டில் நிலம் வைத்திருப்போரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சிறு, குறு விவசாயிகள். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி ஒரு குடும்பத்தின் சராசரி நிலம் 2 ஏக்கருக்கும் கீழே. அந்த நிலத்திலும் கிணற்றுத் தண்ணீர் முழுக்கப் பாய்வதில்லை. தக்காளி போட்டால், கிலோ நூறு ரூபாயைத் தாண்டிய மாதமும் உண்டு. பறிப்புக்கூலிகூடத் தேறாது என்று செடியிலேயே விட்டுவிட்டு ஆடு மாடுகளை மேயவிட்ட மாதமும் உண்டு. ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போகிறவர்களுக்கு இதை நாங்கள் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

குடில் இதற்கெல்லாம் மருந்து என்று நாங்கள் சொல்லவில்லை. ஓசூர், தளி, நீலகிரி பக்கம் ஓங்கி நிற்கும் பாலித்தீன் பசுமைக்குடில்களைப் பார்த்துவிட்டு, அதையே இங்கே சமவெளியில் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். சித்திரை, வைகாசியில் பாலித்தீன் கூரைக்குக் கீழே வெப்பம் 40 டிகிரியைச் சுலபமாகத் தாண்டிவிடும். 35 டிகிரிக்கு மேல் போனாலே குடைமிளகாயும் தக்காளியும் பூவை உதிர்த்துவிடும். நம் வெயிலுக்கு நிழல்வலைதான் பொருத்தம். பாதி வெயிலை வடிகட்டும் வலை, சுற்றிலும் பூச்சி புகாத வலை, கீழே சொட்டுநீர். இரும்புக் குழாய்ச் சட்டத்துக்கு வசதி இல்லாதவர்கள் சவுக்குக் கம்பிலும் மூங்கிலிலும் கூடக் கட்டுகிறார்கள்; அதற்கும் அரசு மானியத் திட்டத்தில் இடம் இருந்திருக்கிறது. கோடையில் கொத்தமல்லி, கீரை, வெள்ளரி; மற்ற நாட்களில் குழித்தட்டு நாற்று. ஐந்து, பத்து சென்டில் நாற்று வளர்த்து விற்பதுதான் முதன்முதலாக இறங்குகிறவருக்கு நட்டம் குறைந்த வழி என்பது எங்கள் எண்ணம். ஐப்பசி மழை வலைக்குள் ஒழுகும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அந்த நாட்களில் நாற்றுக்கு மேல் பாலித்தீன் தாள் விரித்தே ஆகவேண்டும்.

உள்ளே வேலை எப்படி நடக்கிறது என்று ஒருநாள் வந்து பாருங்கள். பாத்தியில் இரண்டு வரிசை. செடிக்கு ஒரு கயிறு மேல்கம்பியிலிருந்து தொங்குகிறது. காலை ஏழு மணிக்கு ஒரு அம்மா வரிசை வரிசையாக நடந்து, பக்கக்கிளையை விரலால் கிள்ளி, தண்டைக் கயிற்றில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அடுத்த செடிக்குப் போகிறார். போகும்போதே இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்க்கிறார். குடைமிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டிருந்தால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டிருந்தால் சிலந்திப்பேன். இரண்டுக்கும் மருந்து வேறு. இதைத் தெரிந்த கண் இல்லாவிட்டால் வலை கட்டியும் பயனில்லை. பூச்சிவலைக்குள் தேனீ வராது. ஆகவே மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய்க்கும் வெள்ளரி ரகத்தைத்தான் உள்ளே நடவேண்டும். ஒரே மண்ணில் ஒரே பயிரைத் திரும்பத் திரும்ப வைத்தால் நூற்புழு வேரில் முடிச்சுப் போட்டுவிடும்; நடுவில் ஒரு போகம் செண்டுமல்லி வைக்கவேண்டும். இந்த அறிவைக் கொடுக்க, இஸ்ரேல் நாட்டு ஒத்துழைப்போடு அமைந்த காய்கறி மகத்துவ மையம் நம் ரெட்டியார்சத்திரத்திலேயே இருக்கிறது. பயிற்சியும் நாற்றும் பக்கத்திலேயே கிடைக்கின்றன.

பிறகு எங்கே தடுக்குகிறது? பணத்தில்.

நிழல்வலைக்குடிலுக்குச் சதுர மீட்டருக்கு 710 ரூபாய் செலவு என்று வைத்து, அதில் பாதியான 355 ரூபாயை மானியமாகத் தருவது 2014-க்குப் பிறகு பல ஆண்டுகள் நடைமுறையில் இருந்த கணக்கு. கால் ஏக்கர் என்றால் சுமார் 1,000 சதுர மீட்டர். அந்தக் கணக்குப்படி மொத்தம் 7,10,000 ரூபாய், மானியம் 3,55,000. ஆனால் மானியம் பின்னால்தான் வரும். கட்டி முடித்து, அதிகாரிகள் வந்து அளந்து, படம் எடுத்துக் கணினியில் ஏற்றிய பிறகே பணம் வங்கிக்கு வந்து சேரும். அதுவரை அந்த மூன்றரை லட்சத்தை யார் போடுவது? ஊரில் ரெண்டு வட்டிக்குத்தான் வாங்கவேண்டும். மாதம் 7,100 ரூபாய். ஆறு மாதம் இழுத்தால் 42,600 ரூபாய் வட்டிக்கே போய்விடும். முதல் போக லாபத்தை இந்த வட்டி தின்றுவிடுகிறது. மனைவியின் நகை கூட்டுறவு வங்கிக்குப் போகிறது. வசதியுள்ளவருக்கு இந்தக் காத்திருப்பு ஒரு பொருட்டே இல்லை. அதனால்தான் மானியமும் பெரும்பாலும் அவர் வாசலுக்கே போகிறது. இந்த அநியாயத்தை அரசாணை வந்துதான் சரிசெய்ய வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இங்கேதான் உங்களிடம் கைமாற்று கேட்கிறோம். நன்கொடை வேண்டாம். ஐயாயிரமோ ஐம்பதாயிரமோ, மானியம் வரும்வரை வட்டியில்லாமல் கொடுங்கள். கூட்டுறவு வங்கியில் தனிக் கணக்கு, மூன்று பேர் கையெழுத்து. வரவு செலவு ஒவ்வொரு மாதமும் ஊர்ப் பொதுப்பலகையில் ஒட்டப்படும். மானியம் வந்ததும் விவசாயி திருப்பிக் கட்டுவார். பணத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். விட்டுவைத்தால் அடுத்த விவசாயிக்குச் சுழலும். மகளிர் குழுக்கள் பல வருடமாகச் சுழல்நிதியை நடத்திக் காட்டியிருக்கின்றன. புதிதாக எதையும் நாங்கள் கண்டுபிடிக்கவில்லை.

பணம் இல்லாதவர்கள் வேலையைக் கொடுக்கலாம். மானியத்துக்கு மனு போடச் சிட்டா, அடங்கல், புலப்படம், சிறு குறு விவசாயி சான்று எல்லாம் வேண்டும். நிலமோ இன்னும் தாத்தா பெயரில், கூட்டுப் பட்டாவில் கிடக்கிறது. தோட்டத்தில் முழுநேரம் உழைக்கும் பெண்ணின் பெயர் பட்டாவில் எங்குமே இருக்காது. ஓய்வுபெற்ற வி.ஏ.ஓ.க்களே, சர்வேயர்களே, வக்கீல்களே, வாரம் ஒரு பகல் வந்து இந்தத் தாள்களைச் சரிசெய்து கொடுங்கள். சொட்டுநீருக்குச் சிறு குறு விவசாயிக்கு நூறு சதவீத மானியம் இருந்தும், இந்தச் சான்று இல்லாததால் அதை இழந்தவர்கள் உண்டு. ஐ.டி.ஐ. முடித்த தம்பிகள் வெல்டிங்குக்கு வரலாம். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக்காற்று எங்கள் பக்கம் வலையைக் கிழித்துப் போட்டுவிடும். அன்றைக்கே தைக்க ஆள் கிடைத்தால் பயிர் பிழைக்கும்.

இனி வாங்குவது பற்றி. ஹோட்டல்காரர்களே, கல்யாண மண்டபம் நடத்துவோரே, கல்லூரி விடுதிப் பொறுப்பாளர்களே, ஒரு போகத்துக்கு ஒரே விலை பேசி எழுதிக்கொள்ளுங்கள். சந்தையில் விலை சரிந்தாலும் பேசிய விலையைக் கொடுங்கள். ஏறினாலும் விவசாயி பேசிய விலைக்கே தருவார். கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் அதை வலை மாற்றும் கணக்கில் தனியே போட்டுவைப்போம். ஆண்டுக்குப் பத்து டன் விளைந்தால் 20,000 ரூபாய் சேரும். வெயிலில் காய்ந்த வலையும் தாளும் சில வருடத்தில் நைந்துவிடும். மாற்றப் பணமில்லாமல் எலும்புக்கூடாய் நிற்கும் குடில்களை நெடுஞ்சாலை ஓரத்தில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். திறப்பு விழாவுக்கு வந்தவர் எவரும் அந்த மூன்றாம், நான்காம் வருடத்தில் வருவதில்லை.

தெலங்கானாவில் கெய்ட்டி என்ற அமைப்பு, சிறு விவசாயிக்கு ஏற்ற சின்னக் குடில், கடன், பயிற்சி, விற்பனை நான்கையும் சேர்த்தே கொடுத்தது. 2022-இல் எர்த்ஷாட் என்ற சுற்றுச்சூழல் பரிசு அதற்குக் கிடைத்தது. குடிலை மட்டும் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் அது இவ்வளவு தூரம் வந்திருக்காது என்று நாங்கள் நம்புகிறோம்.

ஆடிக்காற்று அடங்கியதும் ஆவணியில் கம்பம் நட்டால்தான் ஐப்பசி மழைக்கு முன் வலை ஏறும். ஆகவே கைமாற்றோ, கொள்முதல் ஒப்பந்தமோ, ஒருநாள் உழைப்போ, எது முடியுமோ அதை ஆடி முடிவதற்குள் உங்கள் ஊர் விவசாயிகளிடம் சொல்லிவிடுங்கள்.