விஞ்ஞானிக்கு ஓர் ஆசனம்



டெங்கு பரவினால் வளவைத் துப்புரவாக்குங்கள், வெள்ளம் வடிந்தால் கிணற்றுக்குக் குளோரின் இடுங்கள், பிள்ளைக்கு இந்தத் திகதியில் தடுப்பூசி போடுங்கள் என்று எமக்கு அடிக்கடி அறிவுரை வருகிறது. குடும்ப நல உத்தியோகத்தர் வீட்டு வாசலில் நின்று சொல்கிறார். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒலிபெருக்கியில் சொல்கிறார். நாமும் கேட்டு நடக்கிறோம். ஆனால் இந்த அறிவுரையை முதலில் தீர்மானிப்பவர் யார், எதை வைத்துத் தீர்மானிக்கிறார் என்று நாம் கேட்பது குறைவு.

சுகாதாரத் துறையின் மேல்மட்டத்தில், விஞ்ஞானச் சான்றுகளை ஆராய்ந்து முடிவு சொல்வதற்கென்றே சில பதவிகள் உள்ளன. அந்த ஆசனங்களைப் பற்றித்தான் இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன். இது படித்தவர்களுக்கும் அதிகாரிகளுக்கும் உரிய விடயம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அந்த ஆசனம் தளர்ந்தால், அதன் சுமை கடைசியில் நோயாளியைப் பராமரிக்கும் பெண்ணின் தலையில்தான் வந்து இறங்குகிறது.

கீழிருந்து மேலே செல்லும் செய்தி

எமது நாட்டில் 1897 ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ், குறிப்பிட்ட சில தொற்றுநோய்களைக் காணும் வைத்தியர் அதனை அறிவிக்க வேண்டும். அந்த அறிவித்தல் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்குப் போகிறது. பரிசோதகர் வீட்டுக்கு வந்து விசாரிக்கிறார். அந்த விபரங்கள் வாராவாரம் திரட்டப்பட்டு, கொழும்பில் 1959 இல் ஆரம்பிக்கப்பட்ட தொற்றுநோயியல் பிரிவைச் சென்றடைகின்றன. அங்கே பிரதம தொற்றுநோயியலாளர் இருக்கிறார். அவருக்கு மேலே சுகாதார சேவைகள் பணிப்பாளர் நாயகம் இருக்கிறார். மலேரியா, காசநோய் போன்றவற்றுக்குத் தனித்தனி இயக்கங்களும் பணிப்பாளர்களும் உள்ளனர்.

ஆகவே, "பிள்ளைக்கு மூன்று நாளாய்க் காய்ச்சல்" என்று ஒரு தாய் சொல்லும் வார்த்தைதான் இந்த ஏணியின் முதற்படி. அங்கிருந்து ஏறிய செய்திகளைச் சேர்த்துப் பார்த்து, நோய் எங்கே போகிறது, என்ன செய்யலாம் என்று அமைச்சருக்கும் மக்களுக்கும் சொல்வதுதான் மேலே இருப்பவரின் வேலை.

இந்த வேலை சரியாக நடப்பதற்கும் நடவாமைக்கும் மலேரியாவே நல்ல உதாரணம். 1934, 1935 ஆம் ஆண்டுகளில் இந்நோய் எமது நாட்டில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் குடித்தது. பெருமுயற்சியின் பின்னர் 1963 இல் நோயாளர் தொகை வெறும் 17 ஆகக் குறைந்தது. நோய் ஒழிந்துவிட்டது என்ற நிம்மதியில் மருந்து தெளிப்பது நிறுத்தப்பட்டது, கண்காணிப்பும் தளர்ந்தது. 1969 இல் நோயாளர் தொகை 5 இலட்சத்தைத் தாண்டியது. அந்தப் பாடத்தின் பிறகு பல தசாப்தங்கள் உழைத்து, 2012 ஒக்டோபருடன் உள்நாட்டில் தொற்றும் மலேரியா நின்றது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று சான்றுப்படுத்தியது. ஆனால் இம்முறை மலேரியா ஒழிப்பு இயக்கம் மூடப்படவில்லை. வெளிநாட்டிலிருந்து நோயுடன் வருவோரைத் தேடிக் கண்டுபிடிக்கும் பணி தொடர்கிறது. நோய் கண்ணுக்குத் தெரியாத காலத்திலும் "இன்னும் கவனம் தேவை" என்று சொல்ல ஒருவர் வேண்டும். எல்லோரும் மறந்த பிறகும் அவர் மறக்கக் கூடாது.

சென்னையிலிருந்து ஜெனீவாவுக்கு

உலக மட்டத்தில் இதே பணிக்கான ஆசனம் பற்றியும் அறிந்திருப்பது நல்லது. உலக சுகாதார ஸ்தாபனம் 1948 இல் தொடங்கப்பட்டது. எனினும் பிரதம விஞ்ஞானி என்ற பதவியை அது 2019 மார்ச் மாதத்திலேயே உருவாக்கியது. அந்த ஆசனத்தில் முதலில் அமர்ந்தவர் ஒரு தமிழ்ப் பெண்மணி. அவர் சென்னையில் பிறந்த டாக்டர் சௌமியா சுவாமிநாதன்.

அவர் குழந்தை நல வைத்தியர். 1992 இல் சென்னையிலுள்ள காசநோய் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்து, பிள்ளைகளுக்கு வரும் காசநோய் பற்றியும், எச்.ஐ.வி. தொற்றோடு சேர்ந்து வரும் காசநோய் பற்றியும் நீண்டகாலம் ஆய்வு செய்தார். 2015 முதல் 2017 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பணிப்பாளர் நாயகமாக இருந்தார். பின்னர் ஜெனீவாவுக்குச் சென்றார். நோயாளிகளின் கட்டிலருகே தொடங்கிய ஒரு பெண்ணின் பயணம் இது.

பிரதம விஞ்ஞானியின் வேலை ஆய்வுகூடத்தில் குழாய்களோடு நிற்பதல்ல. ஸ்தாபனம் வெளியிடும் வழிகாட்டல்கள் தக்க சான்றின் மேல் எழுதப்படுகின்றனவா என்று பார்ப்பது, எந்த ஆராய்ச்சி அவசரமாகத் தேவை என்று தீர்மானிப்பது, புதிய சான்று வரும்போது பழைய அறிவுரையைத் திருத்தச் செய்வது போன்றவையே அவரது கடமைகள். ஒரு மருந்துக் கம்பனியிடம் பணம் பெற்றவர் அந்த மருந்தைப் பற்றிய வழிகாட்டலை எழுதும் குழுவில் இருந்தால் என்ன நடக்கும்? அதனால்தான் குழுவினர் ஒவ்வொருவரும் தமது தொடர்புகளை முன்கூட்டியே வெளிப்படுத்த வேண்டும் என்பது விதி.

பதவி உருவாகி ஓராண்டு நிறைவதற்குள் கொவிட் வந்தது. எந்த மருந்து குணமாக்கும் என்று உலகமே தவித்த வேளையில், ஸ்தாபனம் 30 நாடுகளில் 11,000 க்கும் அதிகமான நோயாளர்களைச் சேர்த்து ஒரு பெரும் பரிசோதனையை நடத்தியது. அதிகம் பேசப்பட்ட ஹைட்ரொக்சிகுளோரோகுயின் உட்பட நான்கு மருந்துகள், வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டவர்களின் மரணத்தைக் குறைப்பதில் சிறிதளவே பயன் தந்தன அல்லது பயன் தரவில்லை என்று 2020 ஒக்டோபரில் முடிவு வெளியானது. நம்பிக்கையோடு காத்திருக்கும் மக்களிடம் "இது பலன் தரவில்லை" என்று சொல்வது இலகுவல்ல. அதே ஆண்டு டிசெம்பரில் எமது நாட்டில் கேகாலையில் ஒரு பாணியை வாங்க ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்ததையும், அரசியல்வாதிகள் சிலர் அதனைப் பகிரங்கமாக அருந்தியதையும் நினைத்துப் பாருங்கள். சோதித்துப் பார்த்துச் சொல்லும் குரல் ஏன் வேண்டும் என்பது விளங்கும்.

தாமதமாக வந்த திருத்தம்

இருந்தும் அந்த ஆசனமும் சறுக்கியது. கொவிட் காற்றில் பரவுவதில்லை என்று 2020 மார்ச்சில் ஸ்தாபனம் உறுதியாக அறிவித்தது. காற்றில் மிதக்கும் நுண்துளிகளைப் பற்றி ஆராய்ந்தவர்கள் அப்போதே மறுத்தனர். ஜூலையில் 239 விஞ்ஞானிகள் ஒன்றுசேர்ந்து பகிரங்கக் கடிதம் எழுதினர். அதனை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் அவுஸ்திரேலியாவில் பணியாற்றும் பேராசிரியர் லிடியா மொராவ்ஸ்கா என்ற பெண் விஞ்ஞானி. ஸ்தாபனம் சிறிது சிறிதாகத்தான் இறங்கி வந்தது. காற்றின் மூலமும் பரவும் என்பது அதன் அறிவுரையில் தெளிவாக இடம்பெற 2021 ஆகிவிட்டது. 2022 நவம்பரில் பதவியிலிருந்து விலகும்போது, இதை மிக முன்னதாகவே சொல்லியிருக்க வேண்டும் என்று டாக்டர் சௌமியா சுவாமிநாதன் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

இந்தத் தாமதம் வெறும் சொற்பிரச்சினையல்ல. கடையிலிருந்து வந்த பைகளையும் மரக்கறிகளையும் நாம் சவர்க்காரமிட்டுக் கழுவிக்கொண்டிருந்தோம். யன்னல்களைத் திறந்து வைப்பதும், மூடிய அறையில் கூட்டமாக இருக்காமல் விடுவதும் எவ்வளவு முக்கியம் என்பது பலருக்குப் பிந்தித்தான் தெரிந்தது.

அக்காலத்தில் பெண்கள் குழுவொன்றில் ஒரு சகோதரி என்னிடம் கேட்டார்: "நேத்து ஒண்டு சொன்னாங்க, இண்டைக்கு வேற ஒண்டு சொல்றாங்க. எதை மிஸ் நம்புற?" நியாயமான கேள்வி. அறிவுரை மாறுவதில் குற்றமில்லை என்றே நான் நினைக்கிறேன். புதிய சான்று வந்தால் மாறத்தான் வேண்டும். ஆனால் முதல் நாளே "இப்போதைக்கு எமக்குத் தெரிந்தது இவ்வளவுதான்" என்று சொல்லியிருந்தால், மறுநாள் மாற்றும்போது மக்கள் ஏமாற்றப்பட்டதாக உணரமாட்டார்கள். தெரியாததை உறுதியாகச் சொல்லிவிட்டுப் பின்னர் மாற்றுவதுதான் நம்பிக்கையைக் குலைக்கிறது.

எமது நாட்டில் நடந்தது

வெளிநாட்டுக் கதையோடு நிறுத்திக்கொள்ள முடியாது. கொவிட்டால் இறந்தவர்களைப் புதைக்கலாம் அல்லது தகனம் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2020 மார்ச் வழிகாட்டல் கூறியது. ஆனால் 2020 ஏப்ரல் 11 ஆம் திகதிய வர்த்தமானி இலங்கையில் தகனத்தைக் கட்டாயமாக்கியது. உடலிலிருந்து வைரஸ் நிலத்தடி நீரில் கலந்துவிடும் என்று காரணம் சொல்லப்பட்டது. அந்த அச்சத்துக்கு ஆதாரமான ஆய்வு எதுவும் மக்கள் முன் வைக்கப்படவில்லை. அந்த டிசெம்பரில், பிறந்து 20 நாட்களேயான ஒரு குழந்தையின் உடல்கூட பெற்றோரின் சம்மதமின்றித் தகனம் செய்யப்பட்டது.

நாட்டில் அறிவு இல்லாமல் இது நடக்கவில்லை என்பதே வேதனை. நுண்ணுயிரியல் பேராசிரியர் ஜெனிபர் பெரேரா தலைமையிலான நிபுணர் குழு இரண்டு முறைகளையும் அனுமதிக்கலாம் என்று பரிந்துரைத்தது. இலங்கை மருத்துவச் சங்கமும் 2021 ஜனவரியில் அதனையே வலியுறுத்தியது. ஆயினும் 2021 பெப்ரவரி இறுதியில்தான் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. மார்ச் 5 இல் ஓட்டமாவடியில் முதல் நல்லடக்கங்கள் நடந்தன. பின்னர் நடந்த ஆய்வுகளும் நீர் மாசடையும் என்ற அச்சத்தை உறுதிப்படுத்தவில்லை. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. அதற்கிடையில் 276 முஸ்லிம்களின் உடல்கள் தகனம் செய்யப்பட்டிருந்தன.

கணவரை அவ்விதம் இழந்த ஒரு தாயை நான் பிற்காலத்தில் சந்தித்தேன். அவர் கோபப்பட்டுப் பேசவில்லை. "வைரஸ் தண்ணியில கலக்குமா கலக்காதா எண்டு எனக்குத் தெரியாது மிஸ். தெரிஞ்ச ஒரு ஆள் எங்கட முகத்தைப் பார்த்து உள்ளதைச் சொல்லியிருக்கலாமே" என்றார். ஜனாஸாவைக் குளிப்பாட்டவும் தொழுகை நடத்தவும் முடியாமற்போன அந்தக் குடும்பத்துக்கு, எந்த மன்னிப்பும் அந்த நாளைத் திருப்பிக் கொடுக்காது.

சமூகவியல் படித்தவள் என்ற வகையில் இதில் ஒன்றைக் கவனிக்கிறேன். பயம் மிகுந்த காலத்தில், ஒரு சமூகத்தின் மீது ஏற்கனவே உள்ள சந்தேகம் விஞ்ஞானத்தின் உடையை உடுத்திக்கொண்டு வரக்கூடும். அதைக் களைந்து காட்ட வேண்டியது விஞ்ஞான ஆசனத்தில் இருப்பவரின் கடமை. அதற்கு அறிவு மட்டும் போதாது. உண்மையைச் சொன்னதற்காக இடமாற்றம் வராது என்ற பாதுகாப்பும், சொன்னதை மக்கள் அறியும்படி வெளியிடும் வழக்கமும் வேண்டும்.

எமது பங்கு

உலகச் சுகாதாரப் பணியாளரில் ஏறத்தாழ 70 வீதம் பெண்கள் என்றும், உயர் பதவிகளில் அவர்கள் சுமார் 25 வீதம் மட்டுமே என்றும் உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2019 அறிக்கை கூறுகிறது. படி ஏறி வீடு வீடாகச் செல்வோர் பெண்கள். முடிவு எடுக்கும் மேசையில் அவர்கள் குறைவு. உங்கள் மகள் உயிரியல் பிரிவில் படிக்கிறாளா? டாக்டராகி மருந்து எழுதுவது ஒரு வழி. சமுதாய மருத்துவம், நுண்ணுயிரியல், புள்ளிவிபரவியல் என்று வேறு வழிகளும் இருக்கின்றன என்பதை அவளுக்குச் சொல்லி வையுங்கள். ஊர் முழுவதற்கும் வைத்தியம் பார்க்கும் வழிகள் அவை.

எம்மைப் போன்றவர்கள் செய்யக்கூடியதும் உண்டு. கிளினிக்கில் ஓர் அறிவுரை தரப்படும்போது மரியாதையோடு மூன்று கேள்விகள் கேட்கலாம். இது ஏன்? இது எப்படித் தெரிய வந்தது? இது மாறினால் எங்களுக்கு யார் சொல்வார்? நல்ல உத்தியோகத்தர் இந்தக் கேள்விகளுக்குக் கோபிக்கமாட்டார். தனக்குத் தெரியாவிட்டால் சுகாதார வைத்திய அதிகாரியிடம் கேட்டுச் சொல்வார். அவருக்கும் தெரியாவிட்டால் அந்தக் கேள்வி மேலே போகும். காய்ச்சல் பற்றிய செய்தி ஏறிப் போகும் அதே ஏணியில் எமது கேள்விகளும் ஏறிப் போகட்டும்.