சாதா காய்ச்சல்னு விட்டுடாதீங்க! உண்ணிக் காய்ச்சலை 20 வருஷமாக துரத்தும் வேலூர் டாக்டர்

வேலூர்:

மழை ஆரம்பித்து விட்டால் வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை பக்கம் வீட்டுக்கு வீடு காய்ச்சல்தான். டெங்கு என்பார்கள், டைபாய்டு என்பார்கள், ஒன்றும் புரியாவிட்டால் வைரஸ் காய்ச்சல் என்று சொல்லி ஒரு ஊசி போட்டு அனுப்புவார்கள். அந்தக் கூட்டத்தில் ஒளிந்துகொண்டு உயிரைப் பறிக்கும் இன்னொரு காய்ச்சல் இருக்கிறது. அதுதான் ஸ்க்ரப் டைபஸ் எனப்படும் உண்ணிக் காய்ச்சல்.

இதை குணப்படுத்தும் டாக்சிசைக்ளின் மாத்திரை சில ரூபாய்தான். மருந்துக்கு பஞ்சமே இல்லை. அப்படியும் ஆள் சாகிறான் என்றால் எங்கே கோளாறு? மருந்தில் இல்லை. இன்ன காய்ச்சல் என்று கண்டுபிடிப்பதில்தான் கோளாறு.

இந்த ஒரு விஷயத்தை விடாமல் துரத்தி வருபவர் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் தொற்றுநோய் பிரிவு பேராசிரியர் டாக்டர் ஜார்ஜ் எம். வர்கீஸ். வார்டில் நோயாளியையும் பார்ப்பார், ஆராய்ச்சியும் செய்வார். இரண்டையும் ஒரே ஆள் செய்வது நம் ஊரில் அபூர்வம். 2006-ம் ஆண்டிலேயே தென்னிந்திய நோயாளிகளிடம் இந்தக் காய்ச்சல் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதியவர்.

உண்ணியா, பூச்சியா?

பெயர்தான் உண்ணிக் காய்ச்சல். மாட்டின் மேல் ஒட்டியிருக்கும் உண்ணி இல்லை இது. புதர், புல், வரப்பு ஓரம் இருக்கும் ஒரு வகை சிறு பூச்சியின் குஞ்சு. கண்ணுக்கு லேசில் தெரியாது. கடித்தால் வலிக்காது. கடித்து ஏறக்குறைய 10 நாள் கழித்து காய்ச்சல் தூக்கும். தலைவலி, உடம்பு வலி, வாந்தி, சிலருக்கு மூச்சு வாங்கும், சிலர் பிதற்றுவார்கள். எல்லா காய்ச்சலுக்கும் இதேதானே என்கிறீர்களா? அங்கேதான் சிக்கல்.

கடித்த இடத்தில் சிகரெட்டால் சூடு வைத்தது போல ஒரு கருப்பு பொருக்கு இருக்கும். அதைப் பார்த்து விட்டால் பாதி வைத்தியம் முடிந்தது. ஆனால் வலியும் இல்லை, அரிப்பும் இல்லை என்பதால் நோயாளிக்கே தெரியாது. அது இருக்கும் இடமும் அப்படி. அக்குள், தொடை இடுக்கு, இடுப்பில் பாவாடை நாடா கட்டும் இடம், பெண்களுக்கு மார்புக்கு அடியில். சட்டைக்கு மேலேயே ஸ்டெதஸ்கோப் வைத்து 2 நிமிஷத்தில் சீட்டு எழுதும் இடத்தில் இதை யார் பார்ப்பது?

என் அத்தைக்கு நடந்ததைச் சொல்கிறேன். களை எடுக்கப் போகிறவர். 5 நாள் காய்ச்சல். முதலில் போன இடத்தில் டைபாய்டு என்றார்கள். தினம் ஒரு ஊசி. குறையவில்லை. அடுத்த இடத்தில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். 8-ம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்ததும் பெரிய ஆஸ்பத்திரிக்கு தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே ஒரு நர்சம்மா திரை போட்டு, சேலையை தளர்த்தி, இடுப்பு மடிப்பில் அந்தப் பொருக்கை கண்டுபிடித்தார். "ஏம்மா சொல்லலை?" என்று கேட்டதற்கு, "அதை எப்படிம்மா ஆம்பள டாக்டர்கிட்ட காட்டுறது, அதுவும் எறும்பு கடிச்சதுன்னு நினைச்சேன்" என்றார் அத்தை.

ஊசி ஏன் கேட்கவில்லை?

அத்தைக்கு போட்ட ஊசி தப்பான ஊசி இல்லை. டைபாய்டுக்கு அது சரியான மருந்துதான். ஆனால் உண்ணிக் காய்ச்சல் கிருமி நம் உடம்பின் செல்லுக்குள்ளேயே புகுந்து குடித்தனம் நடத்தும். செப்ட்ரியாக்சோன் மாதிரி ஊசிகள் அதை ஒன்றும் செய்யாது. எந்தக் கிருமி என்று தெரிந்து, அதற்கான மருந்தை, நேரத்தோடு கொடுக்க வேண்டும். துல்லிய மருத்துவம் என்று மேல்நாட்டில் பெரிதாகப் பேசுகிறார்களே, களை எடுக்கிற பெண்ணுக்கு அதன் அர்த்தம் இவ்வளவுதான்.

2005 முதல் 2010 வரை சி.எம்.சி.க்கு வந்த 623 உண்ணிக் காய்ச்சல் நோயாளிகளின் விவரத்தை வர்கீஸ் குழுவினர் 2014-ல் வெளியிட்டனர். படித்தால் வயிறு கலங்கும். 100-ல் 34 பேருக்கு ஒன்றுக்கும் மேற்பட்ட உறுப்புகள் செயல் இழந்திருந்தன. 100-ல் 9 பேர் இறந்து போனார்கள். பொருக்கு தென்பட்டதோ 100-ல் 43 பேருக்குத்தான். அதாவது பொருக்கு இல்லை என்பதால் இந்தக் காய்ச்சல் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஒரே ஆறுதல், அந்த வருஷங்களில் சாவு படிப்படியாக குறைந்து வந்ததையும் அதே ஆய்வு காட்டியது.

பொருக்கு இல்லாதவர்களுக்கு ரத்தப் பரிசோதனைதான் வழி. வெயில்-பெலிக்ஸ் என்ற பழைய டெஸ்ட் மலிவு, ஆனால் பலரைக் கோட்டை விட்டு விடும். ஐ.ஜி.எம். எலிசா பரவாயில்லை. அதிலும் காய்ச்சல் வந்த முதல் சில நாளில் எடுத்தால் 'இல்லை' என்றே வர வாய்ப்பு உண்டு. ஏனென்றால் அது கிருமியை தேடுவதில்லை, கிருமிக்கு எதிராக உடம்பு தயாரிக்கும் எதிர்ப்பு சக்தியைத் தேடுகிறது. அது ஊறி வர கிட்டத்தட்ட ஒரு வாரம் ஆகும். கிருமியின் மரபணுவையே பிடிக்கும் பி.சி.ஆர். டெஸ்ட் முன்கூட்டியே சொல்லும். அந்த வசதி இருக்கிற லேப் குறைவு.

வேலூர், சிம்லா, ஷில்லாங் ஆகிய 3 இடங்களின் நோயாளிகளிடம் இருந்து எடுத்த கிருமியின் மரபணுவையும் வர்கீஸ் குழு ஆராய்ந்து 2015-ல் வெளியிட்டது. ஒரே கிருமியில் பல ரகம் இருப்பது தெரிந்தது. வெளிநாட்டு ரகத்தை வைத்து தயாரித்த டெஸ்ட் நம்ம ஊர் ரகத்தை சரியாகப் பிடிக்குமா என்ற கேள்வி இதில் இருக்கிறது. தடுப்பூசி செய்ய நினைத்தாலும் இதே தலைவலிதான்.

உலகம் கவனித்த ஆய்வு

அடுத்து நடந்ததுதான் பெரிய விஷயம். நோய் முற்றி வருபவர்களுக்கு எந்த மருந்து கொடுப்பது? டாக்சிசைக்ளினா, அசித்ரோமைசினா, இரண்டும் சேர்த்தா? இவ்வளவு காலமாக யாரும் சரியாக சோதித்துப் பார்க்கவில்லை. ஏழைக்கு வரும் நோய்க்கு யார் செலவு செய்வார்கள்?

வர்கீஸ் தலைமையில் இந்தியாவின் 7 ஆஸ்பத்திரிகளில், நோய் முற்றிய 794 பேரிடம் சோதனை நடந்தது. 3 பிரிவாகப் பிரித்து ரத்தக் குழாய் வழியாக 7 நாள் மருந்து ஏற்றினார்கள். 28 நாளுக்குள் மரணம், 7-ம் நாளும் தீராத உறுப்பு பாதிப்பு, 5-ம் நாளும் இறங்காத காய்ச்சல், இதில் எது நடந்தாலும் தோல்வி என்று கணக்கு. டாக்சிசைக்ளின் மட்டும் பெற்றவர்களில் 47 சதவீதம், அசித்ரோமைசின் மட்டும் பெற்றவர்களில் 48 சதவீதம். இரண்டும் சேர்த்து பெற்றவர்களில் 33 சதவீதம். 2023 மார்ச்சில் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் இது வெளியானது. டாக்டர்கள் மத்தியில் அந்த இதழுக்கு உள்ள மரியாதையே தனி.

கிருமி உயிர்வாழ புரதம் தயாரிக்கிறது. அந்தப் பட்டறையை இரண்டு மருந்தும் வேறு வேறு இடத்தில் பிடித்து நிறுத்துகின்றன. ஆளுக்கு ஒரு கதவை சாத்துகிற மாதிரி.

உள்ளதை சொல்லி விட வேண்டும். சாவை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் 3 பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. உறுப்பு பாதிப்பு சீக்கிரம் சரியானதில்தான் லாபம். ஐ.சி.யு.வில் ஒரு நாள் குறைந்தாலும் தாலியை அடகு வைக்கும் குடும்பத்துக்கு அது எவ்வளவு என்று நமக்குத் தெரியும்.

இன்னும் என்ன பாக்கி?

2025 புத்தாண்டை ஒட்டி தமிழக பொது சுகாதாரத் துறையே உண்ணிக் காய்ச்சல் பரவுவதாக எச்சரிக்கை விட்டது. வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை மட்டுமல்ல, சென்னையும் அதில் இருந்தது. சுற்றறிக்கை போய்ச் சேர்ந்தது சரி. கிராமத்து கிளினிக்கில் ஒரு பெண்ணை தைரியமாக படுக்க வைத்து பார்க்க ஒரு திரை, கூட ஒரு நர்ஸ் இருக்கிறாரா? நான் போய்ப் பார்த்த பல இடங்களில் இல்லை. உலக இதழில் வந்த வைத்தியம் 100 ரூபாய் திரைத்துணிக்காக நின்று கொண்டிருக்கிறது.

வயல், ஏரிக்கரை, புதர் பக்கம் வேலைக்கு போகிறவர்கள் காய்ச்சல் வந்தால் அதை டாக்டரிடம் வாய்விட்டு சொல்லுங்கள். உடம்பில் கருப்பு பொருக்கு இருக்கிறதா என்று வீட்டிலேயே ஒருவருக்கொருவர் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்காக மெடிக்கலில் நீங்களாக மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். கர்ப்பிணிகளுக்கு மருந்தே வேறு.

அத்தை பிழைத்து விட்டார். இப்போது மறுபடியும் களை எடுக்கத்தான் போகிறார். வந்ததும் குளித்து, கட்டியிருந்த புடவையை வெந்நீரில் போட்டு விட்டுத்தான் அடுப்படிக்குப் போகிறார். "அந்த நர்சம்மா சொன்னாங்கடா" என்கிறார்.