குழந்தைகளின் உடல் பருமனுக்கு ஊசி வந்தாச்சு... பழக்கத்தை மாற்றும் ஆராய்ச்சியாளர்கள் இனி என்ன செய்வார்கள்?

அமெரிக்காவில் 2 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு உடல் பருமன் இருக்கிறது. எண்ணிக்கையில் சுமார் 1.47 கோடி பேர். இவர்களில் 12 வயதைத் தொட்டவர்களுக்கு 2022 டிசம்பரில் ஒரு புதிய வழி திறந்தது. வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் 'வெகோவி' ஊசிக்கு அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்தது.

அதுவரை இந்தப் பிரச்சினையில் முன்வரிசையில் நின்றவர்கள் வேறு ஆட்கள். வீட்டில் என்ன சாப்பிடுகிறார்கள், எவ்வளவு நேரம் டிவி, மொபைல் பார்க்கிறார்கள், எப்போது தூங்குகிறார்கள் என்று கவனித்து, அந்தப் பழக்கங்களை மாற்ற வழி தேடும் ஆராய்ச்சியாளர்கள். இனி இவர்களுக்கு வேலை இருக்கிறதா? இருக்கிறது. ஆனால், அதைச் செய்ய எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்பதுதான் கேள்வி.

இது என்ன துறை?

பெயர் 'நடத்தை மருத்துவம்'. உளவியலும் மருத்துவமும் சந்திக்கும் இடம். 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் தனித் துறையாக உருவெடுத்தது.

குழந்தைப் பருமனில் இதன் முன்னோடிகளில் ஒருவர் பஃபலோ பல்கலைக்கழகப் பேராசிரியர் லெனார்ட் எப்ஸ்டீன். அவரது 'டிராஃபிக் லைட்' உணவுமுறை ரொம்ப எளிமையானது. பச்சை என்றால் தாராளமாகச் சாப்பிடலாம். மஞ்சள் என்றால் அளவோடு. சிவப்பு என்றால் எப்போதாவதுதான். இதைக் குழந்தைக்கு மட்டும் சொல்லிக்கொடுக்காமல், பெற்றோரையும் சேர்த்து மாற்றியதுதான் முக்கியம்.

பலன் கிடைத்ததா? 10 ஆண்டுகள் கழித்துப் பார்த்தார்கள். பெற்றோரும் குழந்தையும் சேர்ந்து மாறிய குழுவில், இருக்க வேண்டிய எடையைவிடக் கூடுதலாக இருந்த அளவு 7.5 சதவீதப் புள்ளிகள் குறைந்திருந்தது. ஒப்பீட்டுக் குழுவில் 14.3 புள்ளிகள் கூடியிருந்தது. 1990-ல் வெளியான முடிவு இது.

2023-ல் 452 குடும்பங்களை வைத்து, குழந்தைகள் நல மருத்துவர்களின் கிளினிக்குகளிலேயே நடந்த ஆய்வும் பலனை உறுதிசெய்தது. சிகிச்சையில் சேராத உடன்பிறப்புகளின் எடையிலும் முன்னேற்றம் தெரிந்தது. வீடே மாறினால் எல்லோருக்கும் லாபம் என்று அர்த்தம்.

வேலைப் பாதை எப்படி?

பிஎச்.டி. முடிக்க 5, 6 ஆண்டுகள். பிறகு சில ஆண்டுகள் போஸ்ட் டாக்டரல். அதன் பிறகு, என்ஐஎச் எனப்படும் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் 'கே' விருதுக்கு முயற்சி செய்வார்கள். இது கிடைத்தால் நேரத்தில் 75 சதவீதத்தை ஆராய்ச்சிக்கே ஒதுக்கலாம், அதிகபட்சம் 5 ஆண்டுகளுக்கு.

அடுத்த படி 'ஆர்01' மானியம். சொந்தமாக ஆய்வுக்கூடம் நடத்தும் தகுதி வந்துவிட்டது என்பதற்கு இதுதான் அடையாளம். முதல் ஆர்01 கிடைக்கும்போது சராசரி வயது 40-ஐத் தாண்டிவிடுகிறது. என்ஐஎச்-க்கு வரும் ஆய்வு விண்ணப்பங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்குத்தான் பணம் கிடைக்கும். பல மருத்துவக் கல்லூரிகளில் பேராசிரியரின் சம்பளத்தில் பெரும்பகுதியே மானியத்திலிருந்து வருகிறது. மானியம் நின்றால் சம்பளமும் ஆட்டம் காணும்.

2025-ல் இந்தப் பாதை இன்னும் கரடுமுரடானது. டிரம்ப் நிர்வாகம் ஏராளமான மானியங்களைப் பாதியிலேயே நிறுத்தியது. பல்கலைக்கழகங்களின் மறைமுகச் செலவுக்கான தொகையை 15 சதவீதத்துக்குள் அடக்கும் அறிவிப்பு பிப்ரவரியில் வந்தது. அதை நீதிமன்றம் தடுத்தாலும், வேலைக்கு ஆள் எடுப்பதில் பல்கலைக்கழகங்கள் கையை இறுக்கிக்கொண்டன.

சிக்கல் எங்கே?

காலக் கணக்கில்.

குழந்தை வளர்ந்துகொண்டே இருக்கும். 8 வயதில் எடை கூடுவது இயல்பு. வயதுக்கும் உயரத்துக்கும் ஏற்ப எவ்வளவு கூடுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். இன்று மாற்றிய பழக்கம் 18 வயதிலும் நிற்கிறதா என்று தெரிய 10 ஆண்டுகள் ஆகும்.

ஆனால், ஆர்01 பொதுவாக அதிகபட்சம் 5 ஆண்டுகள். அதில் அனுமதி வாங்கவும், குடும்பங்களைச் சேர்க்கவும், கடைசியில் முடிவுகளை அலசவும் காலம் போய்விடும். குழந்தைகளைப் பின்தொடர மிஞ்சுவது பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகள்தான். அதற்குள் கட்டுரை வெளிவந்தால்தான் அடுத்த மானியம். அதனால், இளம் ஆராய்ச்சியாளர்கள் சீக்கிரம் விடை கிடைக்கும் கேள்வியையே தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம்.

ஊசி போதாதா?

ஊசியின் பலன் பெரிதுதான். வெகோவி மருந்தை 201 இளையோரிடம் சோதித்தார்கள். 68 வாரங்களில் மருந்து பெற்றவர்களின் பிஎம்ஐ 16.1 சதவீதம் குறைந்தது. மருந்தில்லா ஊசியும் வாழ்க்கைமுறை ஆலோசனையும் பெற்றவர்களுக்கு 0.6 சதவீதம் கூடியது. வெறும் ஆலோசனை போதாது என்பதை நடத்தை ஆராய்ச்சியாளர்களும் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும்.

ஆனால், ஊசியை நிறுத்தினால்? இதே மருந்தை நிறுத்திய பெரியவர்கள், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கை ஒரே ஆண்டில் திரும்பப் பெற்றதை ஓர் ஆய்வு காட்டியது. வளரும் உடலில் நீண்டகால விளைவு என்ன என்பதற்கும் போதிய தரவு இல்லை. அதனால்தான் அமெரிக்க நோய்த் தடுப்புப் பணிக்குழு 2024-ல், 6 வயது முதல் குறைந்தது 26 மணி நேரத் தீவிரப் பழக்கமாற்றச் சிகிச்சையை மட்டும் பரிந்துரைத்தது. அமெரிக்கக் குழந்தைகள் மருத்துவ அகாடமியோ 2023-லேயே, 12 வயது முதல் மருந்தையும் இந்தச் சிகிச்சையோடு சேர்த்துத் தரச் சொன்னது.

அந்த 26 மணி நேரத்தைச் சாதாரணக் குடும்பத்துக்கு யார் தருவது? வேலைக்குப் போகும் அம்மா, அப்பா எப்படி வருவார்கள்? ஊசியை எப்போது, எப்படி நிறுத்துவது? 12 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு என்ன செய்வது? இத்தனைக்கும் விடை தேட வேண்டியது நடத்தை ஆராய்ச்சிதான்.

யார் செலவு செய்வார்கள்?

ஊசி சோதனைக்குப் பணம் கொடுத்தது அதைத் தயாரிக்கும் நோவோ நார்டிஸ்க் நிறுவனம். 26 மணி நேர ஆலோசனையைப் பெட்டியில் அடைத்து விற்க முடியாது. அதனால் அதற்குப் பின்னால் பெரிய நிறுவனம் எதுவும் இல்லை. இருக்கும் ஒரே பெரிய ஆதாரம் அரசுப் பணம்.

அந்தப் பணம் சுருங்கினால், மருந்து வேலை செய்கிறதா என்ற கேள்விக்கு மட்டும் வேகமாக விடை வந்துகொண்டிருக்கும். மருந்தை நிறுத்திய பிறகு அந்தக் குழந்தைக்கு என்ன ஆனது என்று 10 ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்க்க, சம்பளம் வாங்கும் ஓர் ஆராய்ச்சியாளர் இருக்கமாட்டார்.