பிஎச்.டி. வழிகாட்டியைத் தேடுறீங்களா? எண்ணை மட்டும் பார்க்காதீங்க!

அரூரிலோ பாலக்கோட்டிலோ முதுகலை முடித்த பிள்ளை, அடுத்து பிஎச்.டி. என்கிறதா? வழிகாட்டிப் பேராசிரியரின் பெயரை கூகுள் ஸ்காலரில் தேடினால் முதலில் கண்ணில் படுவது இரண்டு எண்கள்தான்: மேற்கோள், ஹெச்-இண்டெக்ஸ்.

ஒருவரின் கட்டுரையை இன்னொருவர் தன் ஆய்வில் சுட்டிக்காட்டினால் அது ஒரு மேற்கோள். 10 கட்டுரைகள் தலா 10 முறையாவது சுட்டப்பட்டிருந்தால் ஹெச்-இண்டெக்ஸ் 10. 2005-ல் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் கொண்டுவந்த கணக்கு இது.

சிக்கல் என்ன? மருத்துவக் கட்டுரைகளுக்கு மேற்கோள்கள் குவியும்; கணிதத்தில் குறைவு. எனவே இருவரின் 10-ம் ஒன்றல்ல.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1983-ல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரைப் பாருங்கள். நட்சத்திரங்களின் அமைப்பு பற்றி 1939-ல் ஒரு நூல். பிறகு துறை மாறி, திரவங்களின் நிலைத்தன்மை பற்றி 1961-ல் இன்னொன்று. 1983-ல் கருந்துளைகள்! துகள்களின் தாறுமாறான அசைவு குறித்து 1943-ல் அவர் எழுதிய நீண்ட கட்டுரையை இயற்பியலாளர்கள் மட்டுமல்ல, வேதியியல், உயிரியல் ஆய்வாளர்களும் சுட்டுகிறார்கள்.

ஆகவே, ஒரே துறையினரோடு மட்டும் ஒப்பிடுங்கள். மேற்கோள் காட்டியவர்கள் வெளியாட்களா, அவரேதானா என்று பாருங்கள். 'பணம் கட்டினால் ஒரே வாரத்தில் பிரசுரம்' என்கிற இதழ்களில் கட்டுரை வந்திருந்தால் உஷார்! முக்கியமாக, அவருடைய கட்டுரை ஒன்றையாவது படியுங்கள். உங்கள் பிள்ளையின் சில வருட உழைப்பு அவர் கையில் அல்லவா இருக்கப்போகிறது!